துணியிலிருந்து தோலுக்கு: தையல்காரர் எந்தப் பக்கம் திரும்பலாம்?

பர்கூர் ஜவுளிக் கடைகளில் ஒரு ரெடிமேட் சட்டையின் விலை நாம் கேட்கும் தையற்கூலிக்குப் பக்கத்தில் வந்து ரொம்ப நாளாகிறது. கிருஷ்ணகிரி, காவேரிப்பட்டணம், காரிமங்கலம் பக்கம் தையல் கடை வைத்திருப்பவர்களுக்கு மிஞ்சியிருப்பது ஜாக்கெட், ஸ்கூல் யூனிஃபார்ம், அப்புறம் பேன்ட் உயரம் குறைக்கும் ஆல்ட்ரேஷன். அதனால்தான் 'தோல் வேலைக்குப் போகலாமா' என்ற கேள்வி இப்போது அடிக்கடி வருகிறது. பல வருடம் தையலில் இருந்துவிட்டு அந்தப் பக்கம் போனவன் என்பதால் என்னிடம் கேட்கிறார்கள். கேள்வியோடு ஒரு நம்பிக்கையும் சேர்ந்து வரும்: "ரெண்டும் தையல்தானே அண்ணா? ஊசியும் நூலும் கொஞ்சம் தடிமன், வேற என்ன?"

வேறு நிறைய இருக்கிறது. நம் மாவட்டத்தில் இருந்துகொண்டு தோல் வேலைக்குள் நுழைய நான்கு வழி தெரிகிறது. கையால் தைக்கும் பெல்ட், பர்ஸ் மாதிரிச் சின்னப் பொருட்கள். மெஷினில் தைக்கும் பைகள். செருப்பு. இல்லையென்றால் ஆம்பூர், வாணியம்பாடி, பர்கூர் பக்கத்து ஆலை வேலை. எதில் லாபம் அதிகம் என்றுதான் எல்லோரும் முதலில் கேட்கிறார்கள். அதைவிட, பழைய தொழிலில் நம் கை எதைப் பழகியிருக்கிறது, எதைத் தொட்டதே இல்லை என்று பார்த்தால் விடை சீக்கிரம் கிடைக்கும். அதனால் அங்கிருந்தே தொடங்குகிறேன்.

கையில் இருப்பதும் இல்லாததும்

தையல்காரருக்குப் பேட்டர்ன் தெரியும். ஒரு பையைப் பார்த்தவுடன் எத்தனை துண்டு, எதை முதலில் இணைக்க வேண்டும், எதை உள்பக்கம் தைத்துத் திருப்ப வேண்டும், தையலுக்கு எவ்வளவு விட வேண்டும் என்று மனசுக்குள் ஓடும். ஜிப் வைக்கவும் லைனிங் போடவும் தெரியும். இது சின்ன விஷயம் இல்லை. தோல் வேலைக்குப் புதிதாக வருகிறவர் மாதக்கணக்கில் தடுமாறும் இடம் இது.

ஆனால் துணிக்கு நூலோட்டம் உண்டு, பாவும் ஊடும் உண்டு. தோலில் இரண்டும் இல்லை. தோலின் இழைகள் எல்லாத் திசையிலும் பின்னிக் கிடக்கின்றன. முதுகெலும்பை ஒட்டிய பகுதி அடர்த்தி, இழுத்தால் அதிகம் நீளாது. வயிற்றுப் பக்கம் தளர்வு, இழுத்தால் நீண்டு அப்படியே நின்றுவிடும். பெல்ட்டை முதுகுப் பகுதியில், முதுகெலும்புக்கு இணையாக வெட்ட வேண்டும் என்பது இதனால்தான். துணி ஒரே அகலத்தில் தானாக வரும். ஒரு முழுத் தோலோ ஓரம் வளைந்து, நடுவில் முள் கீறலும் உண்ணிக் கடியும் சூட்டுத் தழும்புமாக வரும். விற்பது சதுர அடிக் கணக்கில். தழும்புக்கும் சேர்த்துத்தான் காசு. அதனால் பேட்டர்னை எங்கே வைத்து வெட்டுகிறோம் என்பதிலேயே லாபத்தில் பாதி முடிவாகிவிடும்.

அடுத்தது பிரித்துத் தைக்கும் பழக்கம். துணியில் தையல் கோணினால் பிரித்து, இஸ்திரி போட்டு, மறுபடி ஓட்டலாம். தோலில் ஊசி போன துளை அங்கேயே இருக்கும். குண்டூசி குத்தக் கூடாது, டாக்கா (தற்காலிக ஓட்டுத் தையல்) போட்டுப் பார்க்கவும் முடியாது. கிளிப் மாட்டலாம், ஓரத்தில் மெல்லிசாகப் பசை தடவி ஒட்டலாம், அவ்வளவுதான். தையலை நெருக்கமாகப் போட்டால் உறுதி என்பது சட்டைக்குச் சரி. தோலில் நெருங்கிய துளைகள் தபால்தலைத் தாள் மாதிரி ஆகிவிடும், இழுத்த இடத்தில் கிழியும். சட்டைக்கு இரண்டு, இரண்டரை மில்லிமீட்டர் வைக்கிற கை, பைக்கு மூன்றரை, நான்கு மில்லிமீட்டர் வைக்கப் பழக வேண்டும். சொல்வது சுலபம். பழகிய கை நெருக்கமாகத்தான் ஓட்டப் பார்க்கும்.

எல்லாவற்றையும்விடப் பெரிய இடைவெளி கத்தி. நமக்குக் கத்தரி தெரியும், அதுவும் மழுங்கினால் சாணை பிடிப்பவர் வரும்வரை காத்திருப்போம். தோலில் ஓரத்தை மடிப்பதற்கு முன் உள்பக்கத்தைக் கத்தியால் சீவி மெலிதாக்க வேண்டும். ஆம்பூர்ப் பக்கம் ஸ்கைவிங் என்பார்கள். 1.2 மில்லிமீட்டர் தோலை இரண்டு பக்கமும் மடித்து ஒன்றன்மேல் ஒன்று வைத்தால் கிட்டத்தட்ட 5 மில்லிமீட்டர் வந்துவிடும், பர்ஸ் மூடாது. சீவாமல் தப்பிக்க முடியாது. சீவ வேண்டுமென்றால் கத்தி முகம் மழிக்கும் கூர்மையில் இருக்க வேண்டும், அதை நாமே தீட்ட வேண்டும். இந்த ஒரு விஷயத்தில் தச்சர்கள் நம்மைவிட வெகுதூரம் முன்னால் இருக்கிறார்கள். உளியைத் தீட்டிப் பழகிய ஒரு தச்சு நண்பர் தோலைச் சீவுவதைப் பார்த்தேன். முதல் நாளே சீராக வந்தது. அதே ஆளுக்கு ஒரு சின்னப் பையின் பேட்டர்ன் போடத் தெரியாமல் விழித்தார் என்பது வேறு கதை. நீங்கள் தச்சராக இருந்து இதைப் படித்தால், கீழே நான் சொல்லும் வரிசை உங்களுக்குப் பொருந்தாது. செருப்பும், கெட்டித் தோலில் செய்யும் உறை வகைகளும் உங்களுக்கு எளிது.

கைத்தையல்

முதலில் தோலைப் பற்றி. சந்தையில் இரண்டு வகை: வெஜ், குரோம். வெஜ் என்றால் மரப்பட்டைச் சாறில் பதனிட்டது. தமிழ்நாட்டில் ஆவாரம்பட்டையில் பதனிட்டு, கடுக்காய் கொடுத்து முடிப்பது பழைய முறை. ஈஸ்ட் இந்தியா லெதர் என்று வெள்ளைக்காரர் காலத்தில் கப்பலேறியது அதுதான், இன்று புவிசார் குறியீடும் வாங்கியிருக்கிறது. தருமபுரி ரோட்டோரமெல்லாம் மஞ்சளாகப் பூத்து நிற்கிற அதே ஆவாரை. ஆனால் இப்போது ஆவாரம்பட்டையின் இடத்தைப் பெரும்பாலும் வாட்டில் மரச் சாறு பிடித்துவிட்டது. குரோம் என்பது குரோமிய உப்பில் பதனிடுவது. வாரக்கணக்கு வேலை ஓரிரு நாளில் முடிந்துவிடும். தோல் மெத்தென்று இருக்கும், தண்ணீருக்கும் சூட்டுக்கும் தாங்கும். உலகத்தில் பெரும்பகுதி தோல் இப்படித்தான் பதனிடப்படுகிறது.

கைத்தையலுக்கு வெஜ்தான் பொருத்தம். விறைப்பாக நிற்கும், நனைத்து வளைத்தால் அந்த வடிவத்திலேயே காயும், ஓரத்தை ஈரமாக்கித் தேய்த்தால் பளபளக்கும். குரோம் தோலின் ஓரம் எவ்வளவு தேய்த்தாலும் பளபளக்காது. மடிக்க வேண்டும், இல்லையென்றால் பெயின்ட் அடிக்க வேண்டும். வெஜ்ஜில் ஒரு எச்சரிக்கை: ஈரத் தோலில் இரும்பு பட்டால் கறுத்துவிடும். கடுக்காயும் இரும்பும் சேர்ந்தால் மை ஆகிற அதே சங்கதி. இரும்பு ஸ்கேலை ஈரத்தோல் மேல் வைத்துவிட்டுச் சாப்பிடப் போகாதீர்கள். பக்கிள் பித்தளையில் வாங்குங்கள்.

தைப்பது ஒரே நூலின் இரு முனையிலும் ஊசி கோத்து, ஒவ்வொரு துளையிலும் இரு பக்கமிருந்தும் மாறி மாறி ஓட்டும் தையல். மெஷின் தையலில் ஒரு இடத்தில் நூல் அறுந்தால் இரு பக்கமும் உருவிக்கொண்டு போகும். இதில் ஒரு பக்க நூல் அறுந்தாலும் மறுபக்க நூல் அதே துளைகள் வழியாகப் போவதால் பிடித்து நிற்கும். தைக்கும் நீளத்தைப்போல மூன்று, நான்கு மடங்கு மெழுகு நூல் வெட்டிக்கொள்ள வேண்டும். வேகம் கிடையாது. மிதி மெஷினில் ஒரு பாவாடையைக் கண்ணிமைக்கும் நேரத்தில் முடித்த ஆளுக்கு இது பெரிய சோதனை. அரை நாள் உட்கார்ந்து ஒரு பர்ஸ். அதைப் பார்க்கிற வீட்டம்மா என்ன சொல்வார் என்று நான் சொல்லத் தேவையில்லை.

ஆனாலும் முதல் வழியாக நான் சொல்வது இதைத்தான். செலவு சில ஆயிரம் ரூபாய்க்குள் அடங்கும்: கத்தி, தீட்டுக்கல், துளை அடிக்கும் பல் உளி, மரச்சுத்தி, குத்தூசி, ஓரம் சீவும் கருவி, வெட்டும் பலகை, நூல். தையல் கடையை மூட வேண்டியதில்லை. மதியம் ஆள் வராத நேரத்தில் தைக்கலாம். முக்கியமாக, நம் கையில் இல்லாதவை என்று மேலே சொன்ன எல்லாவற்றையும், அதாவது சீவுவது, தோலின் திசை, துளையின் இடைவெளி, இவற்றை இந்த வழி ஒன்றாகக் கற்றுக்கொடுத்துவிடும். மெஷினில் தொடங்கியவர்கள் இவற்றைக் கற்காமலே ஓட்டிவிடுகிறார்கள், பிறகு ஓரம் பிய்ந்து வாடிக்கையாளர் திரும்பக் கொண்டுவரும்போது காரணம் தெரிவதில்லை.

விற்பனை? பெங்களூரில் கைத்தையல் பர்ஸுக்கு விலை கொடுப்பவர்கள் இருக்கிறார்கள், ஓசூர் வழியாக அது நமக்குப் பக்கம்தான். ஆனால் அந்தச் சந்தையில் பேர் எடுக்க நாளாகும். அதற்குள் கண்ணெதிரே இருக்கும் சந்தையை யாரும் பார்ப்பதில்லை: மாடு. கிருஷ்ணகிரியில் பொங்கல் தாண்டினால் ஊர் ஊராக எருது விடும் விழா. காளைக்கு மணி கோத்த கழுத்துப்பட்டை, நெற்றிப்பட்டை என்று தேடித் தேடி வாங்குகிறார்கள். குந்தாரப்பள்ளி, போச்சம்பள்ளி சந்தைகளில் இப்போது தொங்குவதில் நிறைய ரெக்சினும் நைலான் பட்டையும்தான். நல்ல வெஜ் தோலில், இரட்டை அடுக்காக, கைத்தையலில் ஒரு பட்டை செய்து, விளக்கெண்ணெய் தேய்த்துக் கொடுத்தால் காளை வளர்ப்பவர் விலை பேசுவதே இல்லை. தன் சட்டைக்கு இருநூறு ரூபாய் பேரம் பேசுகிறவர் காளைக்குப் பேச மாட்டார். பட்டையில் சின்னச் சின்ன வேலைப்பாடு கிடையாது, கெட்டித் தோல், நேர்த்தையல். கற்றுக்கொள்பவருக்கு இதைவிட நல்ல பயிற்சி கிடையாது. சீசன் வியாபாரம் என்பது மட்டும்தான் குறை.

மெஷினும் பையும்

தையல்காரர் மனசு இங்கேதான் ஓடும். கடையில் இருக்கும் மிதி மெஷினில் தோல் ஓடுமா என்றால், ஓடும், ஒரு அளவுக்கு. மெல்லிய செம்மறி அல்லது வெள்ளாட்டுத் தோல் இரண்டு அடுக்கு, முனை வெட்டும் வகை தோல் ஊசி போட்டு, தையல் நீளத்தைக் கூட்டி ஓட்டலாம். மூன்றாவது அடுக்கு வந்தால் மெஷின் திணறும். கீழே உள்ள பல் மட்டும் இழுப்பதால் மேல் தோல் பின்தங்கும், தையல் முடியும்போது இரண்டு ஓரமும் சேராது. கூடவே பல்லின் தழும்பு தோலில் பதியும், அது போகாது.

பைக்கு வேண்டியது மேலே உள்ள காலும், ஊசியும், கீழே உள்ள பல்லும் சேர்ந்து நடக்கும் மெஷின். ஆலைகளில் ஜூக்கி மாதிரி கம்பெனி மெஷின்கள் ஓடுகின்றன. நம் கறுப்பு மெஷின் விலையைப்போலப் பல மடங்கு ஆகும். வாணியம்பாடி, ஆம்பூரில் பழையது கிடைக்கும். போய்ப் பார்ப்பதானால் கையில் நாம் தைக்கப்போகும் தோலையே எடுத்துப் போய், நான்கு அடுக்கு வைத்து அங்கேயே ஓட்டிப் பார்த்து வாங்க வேண்டும். விற்பவர் எடுத்துத் தரும் துண்டில் எல்லா மெஷினும் நன்றாகத்தான் ஓடும். ஊசி 110 முதல் 140 வரை, நூல் பாண்டட் நைலான். நாம் ஜாக்கெட் தைக்கும் நூலைப் போட்டால் சீக்கிரம் நைந்துவிடும்.

இந்த வழியின் பலம், நம் பேட்டர்ன் அறிவு முழுதும் இங்கே காசாகும் என்பது. பலவீனம் முதலீடு. மெஷின், சீவும் மெஷின், ஒரே நிறத்தில் பத்துப் பை போடத் தோல், ஜிப், கொக்கி, லைனிங். ஆட்டுத்தோல் ஒன்று சுமார் 4 முதல் 6 சதுர அடி. ஒரு கைப்பைக்கே ஒன்றுக்கு மேல் போகலாம். அப்புறம் போட்டி. கடையில் தோல் மாதிரியே இருக்கும் ரெக்சின் பை நாம் தோலுக்குக் கொடுக்கும் விலைக்கே கிடைக்கும்போது, வித்தியாசம் தெரிந்து வாங்குகிறவரைத் தேட வேண்டும். கடன் வாங்கி முதல் மாதமே மெஷின் இறக்குவதை நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். கைத்தையலில் விற்ற காசில் மெஷின் வாங்கலாம், அதுவரை கார், பைக் சீட் கவர் வேலை கிடைத்தால் செய்து கெட்டிப் பொருளை ஓட்டிப் பழகலாம். ரெக்சின் தோல் இல்லைதான், ஆனால் துளை மறையாது என்ற பாடத்தை மலிவாகக் கற்றுக்கொடுக்கும்.

செருப்பு

சுருக்கமாகச் சொன்னால், தையல்காரருக்கு இது கடைசி. ஒவ்வொரு அளவுக்கும் இடது வலது என்று கால் கட்டை, அதாவது கால் வடிவ அச்சு, வேண்டும். இங்கிலீஷ் அளவில் ஒரு நம்பருக்கும் அடுத்த நம்பருக்கும் ஒரு அங்குலத்தில் மூன்றில் ஒரு பங்குதான் வித்தியாசம். அதில் தவறினால் ஆல்ட்ரேஷன் என்ற பேச்சே இல்லை, கடித்தால் கடித்ததுதான். தையலைவிட இழுத்து ஒட்டுவதும், அடித்தட்டைச் சேர்ப்பதும்தான் வேலை. ஒட்டும் சொல்யூஷன் வாசனையில் நாள் முழுக்க இருக்க வேண்டும், காற்றோட்டம் இல்லாத அறையில் அது உடம்புக்கு ஆகாது. வார் வைத்த எளிய சாண்டல் வேண்டுமானால் பிறகு முயலலாம்.

ஆலை வேலை

இதைச் சும்மா ஒதுக்கவும் முடியாது. கிருஷ்ணகிரியிலிருந்து வாணியம்பாடி சுமார் 50 கிலோமீட்டர், பஸ் எப்போதும் உண்டு. பர்கூர் சிப்காட்டிலேயே ஷூ ஆலை ஓடுகிறது. மாதச் சம்பளம், பி.எஃப்., இ.எஸ்.ஐ. வரும். மெஷினில் உட்கார்ந்தவர்களை ஸ்டிச்சிங் பிரிவில் சீக்கிரம் எடுத்துக்கொள்வார்கள். ஆம்பூர்ப் பக்கத்து ஷூ ஆலைகளில் தைப்பவர்களில் பெரும்பாலோர் பெண்கள்தான். வீட்டுக்கடன், பிள்ளை படிப்பு என்று மாதம் பிறந்தால் பணம் எண்ணி வைக்க வேண்டியவர் இந்த வழியில் போவதில் தப்பே இல்லை.

ஆனால் தொழில் கற்றுக்கொண்டு வெளியே வரலாம் என்ற எண்ணத்தில் போனால் கணக்கு தவறும். வெட்டுவது ஒருவர், சீவுவது ஒருவர், ஒட்டுவது ஒருவர். நீங்கள் நாள் முழுக்க ஷூவின் ஒரே ஓரத்தில் ஒரே தையல் ஓட்டிக்கொண்டிருப்பீர்கள். வருடம் போனாலும் முழு ஷூ எப்படி உருவாகிறது என்பது தெரியாமல் இருக்கலாம். அப்புறம், இவை வெளிநாட்டு ஆர்டரை நம்பியவை. 2025 ஆகஸ்டில் அமெரிக்கா இந்தியப் பொருட்கள் மீதான வரியை 50 சதவீதமாக ஏற்றியபோது பாலாற்றங்கரைத் தோல் ஊர்கள் எல்லாம் கலங்கின. காளைக்குப் பட்டை தைப்பவனுக்கு அந்தக் கவலை இல்லை.

இங்கே ஒன்றைத் தெளிவாக்கிவிட வேண்டும். தோல் வேலை என்றதும் பதனிடுவதையும் சேர்த்து யோசிப்பவர்கள் இருக்கிறார்கள், வீட்டின் பின்னால் இரண்டு தொட்டி கட்டினால் போதும் என்று. வேண்டவே வேண்டாம். கழிவு நீரால் பாலாறு என்ன ஆனது என்பது ஊரறிந்தது. 1996-ல் உச்ச நீதிமன்றம் வேலூர் பக்கத்துத் தோல் ஆலைகள் வழக்கில், கெடுத்தவரே ஈடு கொடுக்க வேண்டும் என்று தீர்ப்புச் சொன்னது. பதனிட்ட தோலை வாங்கிச் செய்வதே நம் வேலை.

ஊர் வாய்

நான்கு வழிக்கும் பொதுவான செலவு ஒன்று உண்டு, அதை யாரும் பணக் கணக்கில் சேர்ப்பதில்லை. தோலைத் தொட்டவர்களை ஊருக்கு வெளியே வைத்தது நம் ஊர். கடை வாசலில் பெல்ட்டைத் தொங்கவிட்ட பிறகு ஜாக்கெட் கொடுக்க வந்துகொண்டிருந்த சிலர் வேறு கடைக்குப் போனார்கள். காரணம் கேட்டால் தூரம் என்பார்கள். முகம் சுளிக்கும் அதே ஆள் காலில் தோல் செருப்பும் இடுப்பில் தோல் பெல்ட்டும் இருக்கும். புதிதாக வருகிறவர் மனைவி, மாமனார் வீடு வரைக்கும் இந்தப் பேச்சு வரும் என்று தெரிந்தே இறங்க வேண்டும்.

இதற்கு இன்னொரு பக்கமும் உண்டு. மாடு பூட்டிக் கிணற்றில் கவலை இறைத்த காலத்தில் தண்ணீர் அள்ளும் சாலுக்குத் தோல் வால் தைத்துக் கொடுத்தது, பறைக்குத் தோல் பூட்டியது, ஏர் வாரும் செருப்பும் செய்தது பெரும்பாலும் அருந்ததியர் வீட்டுக் கைகள். இன்றைக்கும் பஸ் ஸ்டாண்ட் ஓரம் குடை போட்டு உட்கார்ந்திருக்கும் பெரியவருக்குத் தெரிந்த சீவல், எந்த வீடியோவிலும் இல்லை. அவரிடம் கற்கப் போவதானால் ஐயா என்று கூப்பிட்டு, பக்கத்தில் உட்கார்ந்து, கற்ற நேரத்துக்குக் கூலி கொடுத்துக் கற்க வேண்டும். அதே பர்ஸை நாம் 'கைவினை' என்று பெயர் வைத்துப் பெங்களூரில் விற்கும்போது கிடைக்கும் மரியாதை அவருக்குக் கிடைத்ததில்லை என்பதும் நினைவில் இருக்கட்டும்.

முறையான பயிற்சி வேண்டுமென்றால் சென்னை கிண்டியில் மத்திய காலணிப் பயிற்சி நிலையம் இருக்கிறது. அடையாறில் 1948 முதல் மத்திய தோல் ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. குறுகிய காலப் பயிற்சி எப்போது தொடங்குகிறது என்று விசாரித்துவிட்டுப் போங்கள், தங்கும் செலவு நம்முடையது. கடனுக்கு, 2025-ல் தமிழக அரசு தொடங்கிய கலைஞர் கைவினைத் திட்டத்தில் 3 லட்சம் ரூபாய் வரை கடனும் 25 சதவீத மானியமும் உண்டு, மானியத்துக்கு உச்ச வரம்பு 50,000. 35 வயது ஆகியிருக்க வேண்டும். தையல் பெயரில் போடுவதா, தோல் பெயரில் போடுவதா என்பதை மாவட்டத் தொழில் மையத்தில் கேட்டு முடிவு செய்யுங்கள். கடனைத் தொடக்கத்திலேயே எடுக்காமல், மெஷின் வாங்கும் கட்டம் வரும்போது எடுப்பது நல்லது.

சரி, என் வரிசை இதுதான். தையல் கடை ஓடட்டும். பக்கத்தில் கைத்தையல், முதலில் காளைப் பட்டையும் பெல்ட்டும். சீவுவது கைக்கு வந்த பிறகு பர்ஸ். அதில் காசு நின்றால் மெஷினும் பையும். செருப்பை மறந்துவிடலாம். மாதச் சம்பளம் கட்டாயம் என்றால் ஆலை, ஆனால் ஞாயிற்றுக்கிழமை கைத்தையலை விடக் கூடாது.

முதல் தோல் வாங்க வாணியம்பாடிக்குப் போகிறீர்கள் என்றால், முழுத்தோலை நம்பி இறங்காமல் துண்டுத் தோல் எடைக்குப் போடும் கடையில் தொடங்குங்கள். "பாய், வெஜ்தானே இது?" என்று கேட்டுவிட்டு, ஓரத்தை வெட்டிப் பாருங்கள். உள்ளே நீலச்சாம்பல் கோடு தெரிந்தால் அது குரோம். தெரியாவிட்டாலும் ஒரு நறுக்கைக் கொளுத்திப் பார்க்கலாம், குரோம் என்றால் சாம்பல் பச்சை பாயும். பெல்ட்டுக்கு மூன்றரை மில்லிமீட்டருக்குக் குறையாமல், பர்ஸுக்கு ஒன்று முதல் 1.2 வரை. அளக்கும் கருவியை நீங்களே கொண்டுபோங்கள். ஐப்பசி மழையில் வாங்கினால் பிளாஸ்டிக் கவரில் சுருட்டி வைக்காதீர்கள், பூஞ்சை பிடிக்கும். காட்டன் துணியில் சுற்றி, காற்றுப் படுகிற இடத்தில் பரணில் போடுங்கள்.